ஃபிடோநெட் டயல்-அப்பிலிருந்து இன்டர்நெட்டுக்கு மாறியபோது உள்ளே என்னதான் மாறியது?

உச்சிப்புளி வானொலி:
வணக்கம். வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை சும்மா கிடக்கிறது, அதில் பழைய பாணி புல்லட்டின் போர்டு (ஆட்கள் நுழைந்து கடிதம் எழுதிப் படிக்கும் கம்ப்யூட்டர்) ஒன்றைப் போட்டு, அப்படிப்பட்ட போர்டுகளை இணைக்கும் ஃபிடோநெட்டில் சேரலாம் என்று ஆசை. 1984-ல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கியது, ராத்திரியில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு போன் போட்டுக் கடிதங்களைக் கொடுத்து வாங்கும் என்பது வரைக்கும் படித்துவிட்டேன். இப்போது பெரும்பாலும் எல்லாமே இன்டர்நெட் வழிதான் என்கிறார்கள். வயர் மட்டும் மாறியதா, இல்லை வேலை செய்யும் முறையே மாறிவிட்டதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போகும், பின்னாடியே ஃபைபரும் போகும். அப்புறம் மிஞ்சுவது மொபைல் டேட்டா. அதில் எனக்கென்று தனி ஐபி (இன்டர்நெட் முகவரி எண்) கிடையாது, வெளியிலிருந்து யாரும் என் மெஷினைக் கூப்பிட முடியாது. இந்த லட்சணத்தில் நான் நோடாக, அதாவது இந்த வலையில் சொந்த முகவரி உள்ள ஒரு மெஷினாக, இருக்க முடியுமா?

கீழக்கரை அலைவாய்:
தம்பி, 90-களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு நோடுக்குக் கீழே பாயின்ட்டாக (அந்த நோடு வழியாக மட்டும் கடிதம் வாங்கி அனுப்பும் ஆளாக) இருந்தவன் நான். அதனால் பழைய முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அது புரிந்தால் மாற்றமும் தானாகப் புரியும்.

அன்றைக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது போன் பில். ஊருக்குள் பேசினால் மலிவு, வெளியூர் பேசினால் காசு. அதனால் ஒரு ஊரின் நோடுகள் சேர்ந்து ஒரு நெட், பல நெட் சேர்ந்து ஒரு ரீஜன், அதற்கு மேலே கண்டம் அளவில் ஜோன். முகவரியைப் பார்த்தாலே இது தெரியும்: முதலில் ஜோன், அப்புறம் நெட், சாய்கோட்டுக்குப் பிறகு நோடு. உள்ளூர் ஆட்கள் தங்கள் ஹப்புக்கு (கடிதங்களைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் நோடுக்கு) கொடுப்பார்கள், அவர் ஒருவர் மட்டும் வெளியூருக்கு டயல் செய்வார், செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். தினமும் ஒரு மணி நேரம் கடிதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஜோன் மெயில் அவர் (Zone Mail Hour) என்று பெயர். அந்த நேரத்தில் போர்டுக்குள் ஆட்களை விடாமல் லைனைக் காலியாக வைக்க வேண்டும், அது சட்டம் மாதிரி. கடிதங்களைக் கட்டாக ஜிப் செய்து இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக அனுப்புவோம். கடல் கடந்த ஆளுக்குப் போட்டால் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், யாரும் குறைசொன்னதில்லை.

இன்டர்நெட் வந்ததும் முதலில் ஒட்டுப்போட்ட வேலைகள்தான் நடந்தன. சிலர் கடிதக் கட்டை ஈமெயிலில் இணைப்பாக அனுப்பினார்கள், சிலர் எஃப்டிபியில் போட்டு எடுத்தார்கள், சிலர் டெல்நெட் என்ற இன்டர்நெட் இணைப்புக்கு மேல் மோடம் இருப்பதுபோல் பாவனை செய்து பழைய மென்பொருளையே ஓட்டினார்கள். கடைசியில் நின்றது பின்க்பி என்ற புதிய அனுப்பும் முறை. இன்டர்நெட்டில் தகவலைக் கொண்டுசேர்க்கும் டிசிபி (TCP) முறைக்காகவே எழுதியது, போர்ட் 24554. தகவல் பழுதில்லாமல் வருவதை டிசிபியே பார்த்துக்கொள்கிறது, இசட்மோடம் அதே சோதனையை மறுபடி செய்வது வீண். அதோடு இசட்மோடம் ஒரு நேரத்தில் ஒரு பக்கமாகத்தான் அனுப்பும். பின்க்பி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும்.

ஆக மாறியது கொண்டுபோகும் வண்டி. கடிதத்தின் வடிவம், முகவரி, வாங்கி வைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முறை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

உச்சிப்புளி வானொலி:
ரொம்ப நன்றி காக்கா. அப்படியானால் எல்லா நோடுகளையும் பட்டியலிடும் நோட்லிஸ்டில் போன் நம்பர் இருந்த இடத்தில் இப்போது என்ன போடுகிறார்கள்? பாதி அனுப்பும்போது லைன் அறுந்தால் கடிதம் என்ன ஆகும்?

மண்டபம் டெர்மினல்:
நோட்லிஸ்டில் ஒவ்வொரு நோடும் ஒரு வரி, காற்புள்ளி போட்டுப் பிரித்திருக்கும். போன் நம்பர் இடத்தில் 'வெளியிடப்படவில்லை' என்று இருக்கும், வேகத்துக்கு 300 என்று பேருக்கு ஒன்று, கடைசியில் ஐஎன்ஏ என்ற கொடிக்குப் பக்கத்தில் இன்டர்நெட் முகவரி, பின்க்பி உண்டு என்பதற்கு ஐபிஎன். போன் நம்பர் மாதிரியே 000 என்று ஆரம்பித்து ஐபியின் நான்கு எண்களையும் கோடு போட்டு அந்த இடத்திலேயே எழுதியதும் உண்டு. பழைய அமைப்பை உடைக்காமல் புதியதை உள்ளே நுழைத்த அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

லைன் அறுந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கோப்பை முழுதாக வாங்கிய பிறகு எதிர்ப்பக்கம் 'கிடைத்தது' என்று ஒரு செய்தி அனுப்பும். அது வரும்வரை உங்கள் அவுட்பவுண்டிலிருந்து (அனுப்ப வேண்டியவை காத்திருக்கும் அடைவு) கோப்பு அழியாது. அடுத்த முறை இணைந்ததும், நின்ற இடத்திலிருந்து கொடு என்று எதிர்ப்பக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் நிஜமான தொந்தரவு வேறு. அவுட்பவுண்ட் அடைவில் யாருக்குக் கடிதம் போகணுமோ அவருடைய நெட், நோடு எண்களை நான்கு நான்கு ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) இலக்கமாக எழுதியதுதான் கோப்புப் பெயர். நெட் 250, நோடு 18 என்றால் 00எஃப்ஏ0012. அந்த இணைப்பு பேசிக்கொண்டிருக்கும்போது அதே பெயரில் பிஎஸ்ஒய் என்று முடியும் கோப்பு ஒன்று உருவாகும், வேறு எதுவும் குறுக்கே வராமல் இருக்கப் பூட்டு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் பூட்டு அப்படியே நிற்கும். கரண்ட் வந்து மெஷின் எழுந்த பிறகும் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து பின்க்டி (பின்க்பி வழியாகக் கடிதம் அனுப்பி வாங்கும் மென்பொருள்) அந்த இணைப்பைத் தொடாது, லாக்கில் பெரிதாக எதுவும் தெரியாது. பழைய பூட்டுகளைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அழித்துவிடு என்று செட்டிங்கில் ஒரு வரி உண்டு, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். முடிந்தால் ராஸ்பெர்ரி பைக்கும் ரௌட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ்.

பொது ஐபி இல்லாதது தடையே இல்லை. நீங்கள்தான் வெளியே கூப்பிடப் போகிறீர்கள். அப்லிங்க் (உங்களுக்குக் கடிதம் கொடுக்கும் மேல் நோடு) உங்கள் கடிதங்களை ஹோல்டில், நீங்கள் வரும்வரை, வைத்திருப்பார், கால் மணிக்கு ஒரு தடவை போல் (poll, அதாவது நீங்களே கூப்பிட்டுக் கேட்பது) செய்தால் அதே இணைப்பில் கொடுக்கவும் வாங்கவும் செய்யலாம். மொபைலில் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) கிடைத்தால் பின்க்டிக்கு அதுவும் தெரியும், ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பை விடுகிறார்களா என்று சோதித்துப் பார்த்துத்தான் நம்பணும். முதலில் யாருக்காவது பாயின்ட்டாகச் சேருங்கள், அதற்கு நோட்லிஸ்டில் பெயர் வரவே தேவையில்லை. ஆசியாவுக்கு இருந்த ஜோன் 6-ஐ 2007-ல் எடுத்துவிட்டு மிச்சமிருந்த நோடுகளை ஜோன் 3-ல் சேர்த்தார்கள், அதனால் அங்கே கேளுங்கள்.

தொண்டி தபால்:
காக்கா சொன்னதில் ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். மாறியது வண்டி மட்டும் இல்லை. தூரத்துக்கு விலை இருந்தவரைக்கும் பக்கத்து ஊர்க்காரரோடுதான் இணைந்தாக வேண்டும், அவரோடு செலவைப் பங்கு போட்டாக வேண்டும். தூரத்துக்கு விலை போனதும் யார் வேண்டுமானாலும் எந்த நாட்டு ஹப்போடும் நேராக இணையலாம் என்றாகிவிட்டது. நெட், ரீஜன் எல்லாம் முகவரியில் மட்டும் இருக்கின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நிறையப் பேர் ஒரே ஹப்பிடம் வாங்கினால், அது படுத்த அன்று அத்தனை பேருக்கும் கடிதம் நின்றுவிடும். அதனால் உச்சிப்புளி நண்பர் இரண்டு அப்லிங்க் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் ஒரே எக்கோவை (எல்லோரும் படிக்கும் பொது விவாதப் பகுதி) இரண்டு பக்கமும் வாங்கும் முன் டாஸர் (வந்த கடிதங்களைப் பிரித்துப் போடும் மென்பொருள்) இரட்டைக் கடிதத்தைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை அலைவாய்:
தொண்டித் தம்பி சொல்வது சரி, அதை நான் விட்டுவிட்டேன். அப்படியென்றால் இந்தக் கரையில் இருக்கும் நாமே ஒருவருக்கொருவர் இணைப்பு வைத்துக்கொண்டால் என்ன? என் வீட்டு ஃபைபரில் தனி ஐபி இருக்கிறது, மெஷினும் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. உச்சிப்புளித் தம்பி, நம் இரண்டு மெஷினும் இணையும்போது சரிபார்க்கும் செஷன் பாஸ்வேர்டு ஒன்றைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், என்னிடம் வந்து போல் செய்யலாம்.

உச்சிப்புளி வானொலி:
இன்று ராத்திரியே அனுப்புகிறேன் காக்கா. மண்டபம் அண்ணே, பூட்டு அழிக்கும் அந்த வரிக்கு எத்தனை மணி நேரம் வைப்பது நல்லது?

மண்டபம் டெர்மினல்:
நீங்கள் கால் மணிக்கு ஒரு தடவை போல் செய்வதால் ஒரு மணி நேரம் போதும். பெரிய கோப்புகள் வாங்கப் போகிறீர்கள் என்றால் கூட்டி வையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் செஷனின் பூட்டை அழித்துவிடக் கூடாது.