மங்குக்காகச் சன்ஸ்கிரீன் பூசுகிறேன், இரத்தத்திலோ வைட்டமின் டி குறைவு: எதைக் கைவிடுவது?

நெய்தல்நிலா கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்ததோடு, எஸ்.பி.எஃப். 50 உள்ள சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் நாள்தோறும் தவறாமல் பூச வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அவ்வாறே செய்து வருகிறேன். மங்கும் பெருமளவு வெளிறிவிட்டது.

சில மாதங்களாக இடுப்பு வலியும் தொடை அசதியும் தொடர்ந்து இருப்பதாலும், தரையில் அமர்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாததாலும் பொது மருத்துவரிடம் சென்றேன். பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரங்களுக்கு 60,000 யூனிட் தூள் உறைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதற்குச் சன்ஸ்கிரீன்தான் காரணம் என்றும் அதை உடனே நிறுத்திவிட வேண்டும் என்றும் உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். என் அம்மாவோ, காலை ஆறரை மணி இளவெயிலில் அரைமணி நேரம் மொட்டை மாடியில் நின்றாலே போதும், மருந்து எதற்கு என்கிறார். அலுவலகத்தில் என் இருக்கை கண்ணாடிச் சன்னலை ஒட்டி இருப்பதால் பிற்பகல் முழுவதும் இடக்கையில் வெயில் விழுகிறது. அப்படியிருந்தும் ஏன் இந்தக் குறைவு என்பது எனக்கு விளங்கவில்லை. சன்ஸ்கிரீனை விட்டால் மங்கு திரும்பிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வேம்படி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பொது மருத்துவம் பார்ப்பவன். உங்கள் நிலையில் இருக்கும் பலரை வாரந்தோறும் சந்திப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நம் தோலை எட்டும் புற ஊதாக் கதிர்களில் ஏ, பி என இரு வகைகள் உண்டு. தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளை வைட்டமின் டி ஆக மாற்றத் தொடங்குவது பி வகைக் கதிர் மட்டுமே. சாதாரணச் சன்னல் கண்ணாடி இந்த பி வகையை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிட்டு, ஏ வகையில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் இடக்கையில் எத்தனை மணி நேரம் வெயில் விழுந்தாலும் வைட்டமின் உருவாகாது. அதே வெயில் முகத்தில் விழுந்தால் மங்கு மட்டும் அதிகரிக்கும். திரைச்சீலை போட இயலுமானால் போட்டுவிடுங்கள்.

உங்கள் தாயார் சொல்வது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் சொல்லப்படுவதுதான், ஆனால் வைட்டமின் டி விஷயத்தில் அது பொருந்தாது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர்கள் சாய்வாக வந்து அதிகத் தொலைவு காற்று மண்டலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால், ஓசோன் படலம் பி வகைக் கதிர்களை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. இளவெயிலில் நடப்பது உடலுக்கும் உறக்கத்துக்கும் நல்லது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் 11 என்ற அளவை அது உயர்த்தாது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே இதற்கு உரிய நேரம் என்பது எளிய கணக்கு. சென்னையில் ஏப்ரலில் இது காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னரே தொடங்கி மாலை மூன்று மணி வரை நீடிக்கும். டிசம்பரில் பத்தேகால் முதல் ஒன்றே முக்கால் வரை சுருங்கிவிடும். நமக்கு அண்மையிலுள்ள திருப்பதியில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வும், காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் வைட்டமின் டி ஆக மாறுவது மிகுதியாக நடப்பதாகக் காட்டியது. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறைவுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சன்ஸ்கிரீன் மீது பழி போடுவது ஏன் பொருந்தாது என்றால், நீங்கள் அதைப் பூசுவது முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே. இவை இரண்டும் சேர்ந்தாலும் உடலின் மொத்தத் தோல் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீதித் தோல் ஆடைக்குள்ளும் கூரைக்கடியிலும் இருக்கிறது. அதைவிட்டுவிட்டு முகத்தை மட்டும் வெயிலுக்குத் திறந்து வைப்பதால் கிடைப்பது சொற்பம். இழப்பதோ பல மாதச் சிகிச்சையின் பலன். உடல் முழுவதும், போதிய அளவில், நாள்தோறும் பூசுபவர்களுக்கு வைட்டமின் சற்றுக் குறையக்கூடும் என்பதை மறுக்கவில்லை. உங்கள் பழக்கம் அதுவன்று.

எனவே சன்ஸ்கிரீனைத் தொடருங்கள், மருந்தையும் தவறாமல் சாப்பிடுங்கள். தரையிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தொடைத் தசை தளர்ந்திருப்பதால் வெயிலை நம்பிக் காத்திருக்கும் கட்டம் கடந்துவிட்டது. கால்சியம், எலும்பின் நிலையைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்துப்பெட்டி எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு மருந்தாளுநராக நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் இதை அறியாமல் மக்கள் துன்பப்படுவதைப் பார்த்து வருகிறேன். 60,000 யூனிட் உறை வாரத்துக்கு ஒன்று மட்டுமே. அதை நாள்தோறும் சாப்பிட்டுவிடுபவர்களும், எட்டு வாரம் முடிந்த பிறகும் உடம்புக்கு நல்லதுதானே என்று தாமாகவே வாங்கித் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைந்து உடலில் தங்கிவிடும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், சிறுநீரகக் கல், முற்றினால் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வெயிலால் இப்படி நேர்வதில்லை. தேவைக்கு மேல் உருவாவதை அதே வெயில் வேறு பொருள்களாகச் சிதைத்துவிடுகிறது. மாத்திரைக்கும் தூளுக்கும் அத்தகைய கட்டுப்பாடு கிடையாது.

ஞாயிறு மதிய உணவுக்குப் பின் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பாலில் கலந்து குடியுங்கள். கொழுப்புள்ள உணவோடு சேரும்போது நன்றாக உட்கிரகிக்கப்படும்.

கருவேலங்காடு எழுதியது:

மேலே சொல்லப்பட்டதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் வெயிலை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். திருப்பதிப் பகுதியில் நடந்த முந்தைய ஆய்வு ஒன்றில், நகரத்தாரைவிட வயலில் உழைப்பவர்களுக்கு அளவு கூடுதலாகவே இருந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு கைகளையும் கால்களையும் மட்டும் நண்பகல் வெயிலில் காட்டலாமே. எங்கும் பத்து நிமிடம் போதும் என்று எழுதுகிறார்கள். அது வெளிர் தோல் கொண்டவர்களுக்கான கணக்கு. நம் தோலின் கருநிறமியான மெலனின் அதே கதிர்களை உறிஞ்சிக்கொள்வதால் நமக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். தோல் சிவந்து எரியும் வரை நிற்பதும் கூடாது. வெயில் பட்டால் தீவிரமாகும் லூபஸ் நோய் உள்ளவர்களும், தோலை வெயில் எளிதில் சுடச் செய்யும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களும் இதைச் செய்யவே கூடாது.

சன்ஸ்கிரீன் பற்றி ஒரு சொல். மங்கு உள்ளவர்களுக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பகை. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் கொண்ட வகைதான். எஸ்.பி.எஃப். என்ற எண் பி வகைக் கதிரையே முதன்மையாகக் குறிக்கிறது. ஏ வகைக்கு உறையில் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறிகள் உள்ளன என்று பாருங்கள், கூடக் கூட நல்லது. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பெரும்பாலோர் அதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை.

நெய்தல்நிலா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தோல் மருத்துவரிடம் இரும்பு ஆக்சைடு பற்றிக் கேட்கிறேன். இன்னும் ஓர் ஐயம். எட்டு வாரம் முடிந்தபின் உணவாலேயே இதைத் தக்கவைத்துக்கொள்ள முடியுமா? நான் மீனும் முட்டையும் சாப்பிடுவேன், அம்மா சைவம். அவருக்கு 68 வயது, வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை.

வேம்படி எழுதியது:

உணவால் மட்டும் இயல்வது கடினம். வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களை வாரத்தில் சில நாட்கள் சாப்பிட்டால் ஓரளவு கைகொடுக்கும். முட்டையின் மஞ்சள் கருவில் கொஞ்சம்தான் இருக்கிறது. சைவ உணவில் இயல்பாக ஏறக்குறைய எதுவும் கிடையாது என்பதால், வைட்டமின் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட பாலைத் தேர்ந்தெடுங்கள். கூட்டல் குறியோடு எஃப் என்ற எழுத்து உறையில் அச்சிடப்பட்டிருக்கும். கேழ்வரகும் எள்ளும் கால்சியம் தருவன. அவை வைட்டமின் டி-க்கு மாற்றல்ல, ஆனால் அதோடு சேர்ந்தே வேண்டும்.

உங்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்து, அதன்பின் குறைந்த அளவைத் தொடர்வதா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். தாயாருக்கு உங்கள் உறைகளில் ஒன்றைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்குச் சிறுநீரகக் கல் வந்ததுண்டா, கால்சியம் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று பார்த்த பிறகே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்த முறை நீங்கள் மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.