எண்டோஸ்கோபி கற்பிக்கும் மருத்துவர்களுக்கான பயிற்சி: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் இரைப்பை, குடல் பிரிவின் மூத்த மருத்துவர்களுக்கு, எண்டோஸ்கோபியை (கேமரா பொருத்திய வளையும் குழாயால் உடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனையை) கற்பிக்கும் முறை குறித்து 2 நாள் பயிற்சி ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருப்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

கைதேர்ந்தவர்களுக்குத் தங்கள் கை என்ன செய்கிறது என்பதைச் சொல்லில் வடிக்க இயலாமல் போவதே நான் காணும் பெரிய சிக்கல். அண்மையில் ஒரு கொலோனோஸ்கோபியின்போது (பெருங்குடல் எண்டோஸ்கோபி), பெருங்குடலின் வளைந்த பகுதியான சிக்மாய்டில் குழாய் வளையமிட்டுக்கொண்டதால், பயிற்சி மருத்துவர் தள்ளத் தள்ள அதன் நுனி பின்வாங்கியது. மூத்தவர் "இப்படி இல்லை" என்று குழாயை வாங்கி, வலப்புறம் திருகியபடியே பின்னிழுத்து நொடிகளில் நேராக்கிவிட்டார். நோயாளியின் வலி தணிந்தது. பயிற்சி மருத்துவரோ எதையும் கற்கவில்லை. "நிறுத்துங்கள், காற்றை உறிஞ்சுங்கள், வலப்புறம் திருகுங்கள், மெல்லப் பின்னிழுங்கள்" என்ற சொற்களே போதுமாயிருந்திருக்கும்.

ஆகவே, அனைவரும் ஒரே பொருளில் ஆளும் கட்டளைச் சொற்களை முதலில் வகுக்கவும், மூத்தவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாதிரிக் குடலில் வாய்மொழியாக மட்டுமே வழிநடத்திப் பழகவும் திட்டமிட்டுள்ளேன். பிரிட்டனில் பயன்படும் டாப்ஸ் போன்ற நேரடி மதிப்பீட்டுப் படிவத்தையும் சேர்க்க எண்ணம்.

இத்தகைய பயிற்சியை நடத்தியவர்கள், நோயாளியின் பாதுகாப்பு கருதி எந்தக் கட்டத்தில் குழாயைத் திரும்ப வாங்க வேண்டும் என்று வரையறுத்தீர்கள்? 20 ஆண்டு அனுபவமுள்ளவரின் கற்பிக்கும் முறையைப் பற்றி இளையவர்கள் அச்சமின்றிக் கருத்துச் சொல்ல என்ன ஏற்பாடு செய்தீர்கள்? இந்த இரண்டாவது கேள்வியில்தான் நான் மிகவும் தடுமாறுகிறேன்.