கணுக்காலுக்கு மேல் முறிவு, பிளேட் வைத்தும் கால் ஊன்ற விடுகிறார்கள் இல்லை. இது வழமையா?

வெள்ளவத்தைக்காரி
என் கணவருக்கு வயது 48. காலி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து வலது காலில் கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது, முறிவு மூட்டுக்குள்ளும் இறங்கியிருக்கிறது என்றார்கள். முதலில் வெளியே கம்பி போட்டு வைத்திருந்து, வீக்கம் வற்றிய பிறகுதான் ஒப்பரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இரண்டாவது மாதம் ஓடுகிறது, இன்னும் காலை நிலத்தில் வைக்கக் கூடாதாம். எங்கள் மச்சானுக்கும் போன வருடம் கால் முறிந்தது, அவர் கம்பி ஏற்றிக் கொஞ்ச நாளிலேயே வோக்கரோடு நடந்தார். அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லோரும் டொக்டர்மார் பிழையாகச் செய்துவிட்டார்கள் என்று கதைக்கிறார்கள். இவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, சிகரெட்டும் விட்டபாடில்லை. பின்னேரமானால் பாதம் வீங்கிவிடுகிறது. உண்மையில் எதைப் பொறுத்து இது ஆறும்?

ஒற்றைக்கால் கொக்கு
அக்கா, முதலில் மச்சானோடு ஒப்பிடுவதை விடுங்கள். அவருக்கு அநேகமாக நடுக்காலில் முறிந்திருக்கும். அங்கே எலும்பைச் சுற்றித் தசை இருக்கிறது, எலும்புக்கு உள்ளே ஏற்றிய கம்பியும் உடம்புப் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். கணுக்காலுக்குக் கிட்ட உங்கள் காலையே தொட்டுப் பாருங்கள், தோல், அதற்குக் கீழே உடனே எலும்பு. தசை இல்லாததால் இரத்த ஓட்டமும் குறைவு, அதனால் எலும்பு பொருந்தவும் நாளாகும், காயம் ஆறவும் நாளாகும். அதோடு மூட்டுக்குள் உடைந்த துண்டுகளைச் சேர்த்து மட்டமாக்கி வைத்திருப்பார்கள், அது இறுகும் முன் ஊன்றினால் அமிழ்ந்துவிடும். இப்படியான முறிவுக்கு 6 முதல் 12 கிழமை வரை ஊன்ற விடாதது சாதாரணம்.

வெளிக்கம்பியோடு காத்திருந்ததும் பிழையில்லை. வீங்கிய தோலை வெட்டினால் தையல் பிரிந்து கிருமி ஏறலாம், அதனால் தோலில் சுருக்கம் விழும்வரை ஒன்றிரண்டு கிழமை பொறுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

பிசியோ தங்கச்சி
கொக்கு அண்ணா சொன்னது சரி. ஆனால் அக்கா, இனி உங்கள் கையில் இருக்கிற விஷயம் பிளேட் இல்லை, சீனியும் சிகரெட்டும்தான். நிக்கொட்டின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஏற்கெனவே இரத்தம் குறைவாகப் போகிற இடத்தில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் அதே நிக்கொட்டின்தான்!

சீனி கூடினால் காயத்தில் கிருமி பிடிப்பதும் எலும்பு பொருந்தப் பிந்துவதும் கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள், நீண்ட நாள் சீனி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அப்போது ஊன்றினாலும் நோ தெரியாது, பிளேட் வளைந்த பிறகுதான் விளங்கும். அதனால் இவர்களை மற்றவர்களைவிடக் கூடுதலான காலம் ஊன்றவிடாமல் வைத்திருப்பார்கள். எச்பிஏ1சி, அதுதான் கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பின்னேர வீக்கம் மாதக் கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். டொக்டர் அனுமதித்திருந்தால் பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், ஊன்றக் கூடாது என்பதற்காக அசைக்கவும் கூடாது என்றில்லை. அசைக்காமல் விட்ட மூட்டை மறுபடி மடக்க எடுப்பதுதான் பெரிய கரைச்சல். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள்.

மட்டக்குளி மைனர்
முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசி உருவினால் வீக்கம் ஓடிவிடும். எங்கள் அப்பாவுக்குக் கை அப்படித்தான் சுகமானது. ஆட்டுக்கால் சூப்பும் கொடுங்கள்.

பிசியோ தங்கச்சி
அண்ணா, அப்பாவுக்குச் சுகமானது சந்தோஷம். ஆனால் பிளேட்டும் புதுத் தழும்பும் உள்ள காலை உருவ வேண்டாம், கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். சூப் குடிக்கட்டும், ஆனால் முட்டை, மீன், பயறு கட்டாயம் வேண்டும். காயம் ஆறப் புரதம்தான் தேவை.

வெள்ளவத்தைக்காரி
எல்லோருக்கும் நன்றி. எச்பிஏ1சி ஒப்பரேஷனுக்கு முன் எடுத்ததுதான். எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு இன்னும் தெரிகிறதே, பயப்பட வேண்டுமா? லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, கிளினிக்குக்கு இறக்கி ஏற்றுவதே பெரிய பாடு.

ஒற்றைக்கால் கொக்கு
கோடு கொஞ்ச நாள் தெரியும் அக்கா. பிளேட் இறுக்கமாகப் பிடித்திருந்தால் முறிவைச் சுற்றி வளரும் புது எலும்பு பெரிதாகத் தெரியாமலே பொருந்துவதும் உண்டு, முந்திய எக்ஸ்ரேயோடு வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். படியில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக நகர்ந்து ஏறலாம், நான் அப்படித்தான் ஏறினேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. த்ரீவீலர் பின் சீட்டில் காலை நீட்டி வைக்க இடமிருக்கும், மேடு பள்ளத்தில் மெதுவாக விடச் சொல்லுங்கள்.