டீப் பர்ப்பிள் '=1' ஆல்பம் கேட்டவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிள் 2024-ல் வெளியிட்ட '=1' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1968-ல் தொடங்கிய குழு இத்தனை துடிப்போடு வாசிப்பது உண்மையிலேயே சிலிர்க்க வைக்கிறது. ஸ்டீவ் மோர்ஸ் விலகியபின் கிதாருக்கு வந்த சைமன் மெக்பிரைடு, ப்ளூஸ் வாசனையோடு கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வாசிக்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆனால் பாட்டுக்குப் பாட்டு பாணி மாறுகிறது. நேரடியான ஹார்ட் ராக் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'ஐ'ல் கேட்ச் யூ' நிதானமான ப்ளூஸாக வந்து நிற்கிறது. கடைசிப் பாடலான 'ப்ளீடிங் ஆப்வியஸ்' கிட்டத்தட்ட புரோக்ரசிவ் ராக், அதாவது தாளமும் அமைப்பும் சிக்கலாக மாறிக்கொண்டே போகும் ராக் வகை. டான் ஏரியின் ஆர்கனும் கிதாரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இடங்களுக்காகவே இதை இன்னும் பலமுறை கேட்கலாம்.

நான் நன்றாக அறிந்தது 'இன் ராக்', 'மெஷின் ஹெட்' என்று 70-களின் ஆல்பங்களை மட்டுமே. மோர்ஸ் காலத்தை, அதாவது 1996-ன் 'பர்ப்பெண்டிகுலர்' முதல் கேட்டால் இந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்று புரியுமா? இல்லை, பாப் எஸ்ரின் தயாரிக்கத் தொடங்கிய 2013-ன் 'நவ் வாட்?!' போதுமா? அப்புறம், டான் ஏரியின் வாசிப்பில், குழுவில் அவருக்கு முன் ஆர்கன் வாசித்த ஜான் லார்டின் சாயல் எந்தப் பாடலில் அதிகம் என்று சொன்னால் முதலில் அதையே கேட்பேன்.