மூணும் நாலும் ஏழு ஆகுமா?

சிப்புட் செல்வி: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "நம் மலேசியாவில் செம்பனை, அதாவது பாமாயில் தோட்டத்து வங்காளதேசித் தொழிலாளிகள் பகலில் நாலு மணி நேரம், ராத்திரி மூணு மணி நேரம் தூங்குகிறார்கள். மொத்தம் ஏழு. இரண்டு வேலை பார்த்தால் தூக்கம் கெடும் என்பதெல்லாம் சும்மா." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. துண்டு துண்டாகத் தூங்கினால் அது ஏழு மணி நேரத் தூக்கமா?

பழைய மண்டோர்: எழுதியது நான்தான், தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்த மண்டோர். மூணும் நாலும் ஏழு. உங்கள் பள்ளியில் வேறு கணக்கா, தங்கச்சி?

சிப்புட் செல்வி: அண்ணே, தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் வெளிச்சத்தில் சரியாகச் சுரக்காது. உடம்புச் சூடும் பகலில்தான் ஏறும். ஆட்கள் கூட்டாகத் தங்கும் தகரக் கூரைக் கொங்சியில் ஒருவன் மோட்டாரை முடுக்குகிறான், இன்னொருவன் கறி தாளிக்கிறான். அங்கே எவனுக்கு நாலு மணி நேரம் கண் அசரும்?

பழைய மண்டோர்: படுக்கிறானே! என் அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நின்றவர். வெயில் ஏறுமுன் ரப்பர் மரத்தை வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மத்தியானம் வந்து தூங்குவார். மூணும் நாலும் ஏழுதான்.

சிப்புட் செல்வி: உங்கள் அப்பா ராத்திரி எட்டு மணிக்கே படுத்திருப்பார். இவர்கள் ஒரு மணி வரை உணவகத்தில் தட்டு கழுவுகிறார்கள்.

லாடாங் தம்பி: முதலில் வெளிநாட்டு ஆட்களின் வேலை பெர்மிட்டைப் பேசுங்கள். அதில் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். இரண்டாவது வேலையே சட்டவிரோதம். அது நம் பிள்ளைகளின் வேலை.

சிப்புட் செல்வி: நம் பிள்ளைகள் தட்டு கழுவ வருகிறார்களா? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவன் அதை வைத்து என்ன செய்வான்? சட்டவிரோதம் என்பதால்தான் அசந்து விழுந்தாலும் வாய் திறப்பதில்லை. கையில் அரிவாள் கட்டிய நீளக் கழி, தலைக்கு மேலே இருபது கிலோ குலை. தூக்கக் கலக்கத்தில் அண்ணாந்து நிற்கிறான்.

இரவு வார்டு மிஸி: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு வேலையைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் 2007-லேயே சேர்த்துவிட்டது.

பழைய மண்டோர்: புற்றுநோயை யார் கேட்டது? ஏழு ஆகுமா, ஆகாதா?

லாடாங் தம்பி: செல்வி அக்கா கோயில் கூட்டத்திலும் இப்படித்தான், யாரையும் பேசவிட மாட்டார்.

சிப்புட் செல்வி: கோயில் கணக்கைக் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. அண்ணே, ஆள் அடிபட்ட அன்று, முதல் நாள் எத்தனை மணிக்குப் படுத்தான் என்று ஒருமுறையாவது விசாரித்தீர்களா?

பழைய மண்டோர்: பெரட்டில் பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்பான். எனக்கு அது போதும்.