கின்ட்சுகி: பத்து நாளாகியும் ஒட்டு இறுகவில்லை

கேள்வி
உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டின் மேல் தங்கத்தூள் தூவும் ஜப்பானிய முறையான கின்ட்சுகியில் முயல்கிறேன். நாலு துண்டான தேநீர்க் கிண்ணம். மைதாவில் உருஷி அரக்கை (உருஷி மரத்தின் பால்) குழைத்து ஒட்டி, பத்து நாளாக மின்விசிறிக்குக் கீழே இருக்கிறது. விளிம்பில் பிதுங்கியது இன்னும் பிசுபிசுக்கிறது. வெயிலில் வைக்கலாமா? தங்கத்தூளை எப்போது தூவுவது?

பதில் 1
வெயில் வேண்டாம், விசிறியையும் நிறுத்துங்கள். உருஷி பெயின்ட் போல ஈரம் போய்க் காய்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதிதான் காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு அதை இறுக்குகிறது. அது வேலை செய்யக் காற்றில் ஈரம் வேண்டும். 70–80% ஈரப்பதம், 20–28 டிகிரி போதும்.

அட்டைப்பெட்டிக்குள் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, இரண்டு மரக்குச்சியின் மேல் கிண்ணம், பக்கத்தில் சின்ன ஈரமானி. ஜப்பானில் இந்தப் பெட்டிக்கு முரோ என்று பெயர். துணி கிண்ணத்தில் படக்கூடாது. விரிசலின் உட்புறத்துக்குக் காற்று மெல்லத்தான் போகும். இரண்டு, மூன்று வாரம் விடுங்கள்.

கலவையும் காரணமாக இருக்கலாம். மைதாவில் முதலில் தண்ணீர்தான், சொட்டுச் சொட்டாக, காதுமடல் பதத்துக்கு. பிறகு ஏறக்குறைய அதே அளவு உருஷி. இழுத்தால் நூலாக வர வேண்டும். உருஷி கூடினால் இறுகத் தாமதமாகும், குறைந்தால் பிடிப்பு இருக்காது.

பதில் 2
தங்கத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. முதலில் பள்ளங்களை நிரப்புங்கள்: தோனோகோ என்ற களிமண் தூள் 2 பங்கைத் தண்ணீரில் குழைத்து, உருஷி 1 பங்கு. ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் அப்பினால் மேல் மட்டும் இறுகி உள்ளே பச்சையாகவே நிற்கும். ஆழமான ஓட்டைக்கு மரத்தூள் சேர்த்த கலவை. பிறகு கறுப்பு உருஷி, நீர் தொட்டுத் தேய்ப்பு.

கடைசியாகச் சிவப்பு உருஷியில் மெல்லிய கோடு. தடித்தால் பாலாடை போலச் சுருங்கிவிடும். முரோவில் அரைமணி வைத்து, வாயால் ஆவி ஊதிப் பாருங்கள். கோடு வெளிறிய நீலமாக மங்கித் தெளிந்தால் அதுதான் நேரம். அவசரப்பட்டால் தூள் அமிழ்ந்து பொன் கறுக்கும், தாமதித்தால் ஒட்டாது. பட்டுப் பஞ்சால் தட்டுங்கள், தேய்க்காதீர்கள்.

பதில் 3
பிசுபிசுப்பை விரலால் பார்க்காதீர்கள். உருஷி மரம் சேங்கொட்டை, முந்திரிக் குடும்பம், கொப்புளம் வரும். கையுறை கட்டாயம். தோலில் பட்டால் சமையலெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு. தூரிகையையும் எண்ணெயில்தான் கழுவுவார்கள், ஆனால் அடுத்த முறை டர்பன்டைனில் அலசாமல் தொட்டால் அந்த எண்ணெயே உருஷியை இறுகவிடாது.

கேட்டவர்
பிதுங்கியதை இப்போதே சுரண்டட்டுமா?

பதில் 1
கூடாது, துண்டு நகர்ந்துவிடும். பல்குச்சி நுனியில் அழுத்திப் பாருங்கள். தடம் விழாத அன்று பிளேடை எடுக்கலாம்.