திருச்செங்காட்டங்குடி வாதாபி கணபதி: பரஞ்சோதி கொண்டுவந்ததுதானா?

காவிரிக்கரையான்:
போன வாரம் திருமருகல் பக்கம் போனபோது அப்படியே திருச்செங்காட்டங்குடி உத்தராபதீஸ்வரர் கோயிலுக்கும் போய் வந்தோம். வாதாபி கணபதி முன்னால் நின்றபோது பழைய சந்தேகம் வந்துவிட்டது. பல்லவத் தளபதி பரஞ்சோதி, சாளுக்கியர் தலைநகரான வாதாபியிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார் இவர்தான் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். இதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
போர் நடந்தது உண்மை, 642 வாக்கில் நரசிம்மவர்ம பல்லவனின் படை வாதாபியைப் பிடித்தது, வாதாபிதான் இன்றைய பாதாமி, அங்கே பாறையிலேயே அவன் கல்வெட்டு இருக்கிறது. பிள்ளையார் விஷயம்தான் இடிக்கிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார், பரஞ்சோதி அள்ளிவந்ததை வரிசையாகச் சொல்கிறார்: மணிகள், நிதிக்குவியல், யானைகள், குதிரைகள். சிலை என்ற பேச்சே இல்லை. அப்படி ஒரு சேதி காதில் விழுந்திருந்தால் சேக்கிழார் விட்டிருப்பாரா? கதை பின்னால் சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

செங்காட்டு மருமகள்:
நான் வாக்கப்பட்ட ஊர் அது. தலபுராணம் வேறு சொல்லும். கஜமுகாசுரனைப் பிள்ளையார் வதைத்தபோது ரத்தம் பெருகிக் காடே சிவந்ததாம், அதனால் செங்காடு. அந்தப் பாவம் தீர அவர் சிவனைப் பூசித்ததால் கோயில் கணபதீச்சரம். சம்பந்தர் பாட்டிலேயே அந்தப் பெயர் வருகிறதே!

ஆனால் அங்கே போனால் எனக்குப் பிள்ளையாரை விட ஆத்தி மரம்தான் நெஞ்சை அடைக்கும். பரஞ்சோதிதான் பிறகு சிறுத்தொண்டர் என்ற நாயனார் ஆனவர், பைரவர் வேடத்தில் வந்த சிவன் சிறுத்தொண்டர் வீடு திரும்பும்வரை காத்திருந்தது ஆத்தியின் கீழ்தான். சிவன் கேட்டபடி கறி சமைத்துப் படைத்தபின், உன் மகனையும் கூப்பிடு என்கிறார். சமைத்ததே அந்தப் பிள்ளையைத்தானே! பெற்றவர்கள் வாசலில் நின்று கூப்பிட, சீராளன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவன் போல ஓடி வருகிறான். சித்திரைப் பரணியில் அமுது படையல் நடக்கும், குழந்தை வரம் கேட்டு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், ஒருமுறை வந்து பாருங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. இன்னொன்று, தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சிறுத்தொண்டர், அவர் மனைவி திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் செப்புத் திருமேனிகள் கொடுத்ததைச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. சேக்கிழார் எழுதுவதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே அந்தக் குடும்பத்தை வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

காவிரிக்கரையான்:
ரொம்ப நன்றி இருவருக்கும். ஆத்தி மரத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன், பரணிக்கு வருகிறேன் அக்கா.